கனடாவுக்கு எந்த வயதில் வந்தீர்கள்? ஓய்வுக்காலச் சேமிப்பும் அங்கிருந்தே தொடங்குகிறது

வந்திறங்கியதும் சிம் கார்டு, வேலைக்கும் வரிக்கும் தேவையான சின் எண், வங்கிக் கணக்கு என்று ஓடும்போது ஓய்வூதியம் யாருக்கும் நினைவுக்கு வராது. ஆனால் நீங்கள் இங்கே குடியேறிய நாளிலிருந்தே அந்தக் கணக்கு ஓடுகிறது. ஓ.ஏ.எஸ் எனும் முதியோர் ஓய்வூதியத்துக்கு வேலை பார்த்திருக்க வேண்டியதில்லை. 18 வயதுக்குப் பிறகு கனடாவில் எத்தனை ஆண்டு வாழ்ந்தீர்கள் என்பதுதான் கேள்வி. 40 ஆண்டு என்றால் 65 வயதில் முழுத்தொகை, 20 ஆண்டு என்றால் பாதி. குறைந்தது 10 ஆண்டு வேண்டும். எனவே 58 வயதில் வந்தவர் பொதுவாக 68 வரை காத்திருக்க நேரும். வயதான பிறகு ஊருக்கே போய்விடலாம் என்று நினைக்கிறீர்களா? வெளிநாட்டில் இருந்துகொண்டு தொடர்ந்து வாங்க 20 ஆண்டு தேவை.

சி.பி.பி எனும் கனடா ஓய்வூதியத் திட்டம் வேறு கதை. அது சம்பளத்தில் பிடிக்கப்படுவது: ஆண்டுக்கு 3,500 டாலருக்கு மேல் ஓர் உச்சவரம்பு வரை 5.95 சதவீதம் நீங்கள், அதே அளவு முதலாளி. கணக்கில் காட்டாமல் கையில் காசு வாங்கும் வேலையில் இந்த இரண்டு பங்கும் போய்விடும். வந்த புதிதில் பலருக்கு அதுதான் லாபமாகத் தெரிகிறது!

இருபதுகளிலும் முப்பதுகளிலும் வந்தவர்களுக்கு முதலில் டி.எஃப்.எஸ்.ஏ எனும் வரியில்லாச் சேமிப்புக் கணக்கு என்பேன். பெயரில் சேமிப்பு இருந்தாலும் அதற்குள் பங்குச்சந்தைக் குறியீட்டைப் பின்பற்றும் இண்டெக்ஸ் ஃபண்டும் வாங்கலாம், லாபத்துக்கு வரியில்லை. 2009 முதலான எல்லா ஆண்டு வரம்புகளையும் கூட்டிச் சொல்லும் பெரிய தொகையைப் பார்த்து ஏமாறாதீர்கள். உங்கள் வரம்பு நீங்கள் இங்கே வசிக்கத் தொடங்கிய ஆண்டிலிருந்துதான் (2025க்கு 7,000 டாலர்). மீறிப் போட்டால் மாதம் 1 சதவீதம் அபராத வரி.

ஆர்.ஆர்.எஸ்.பி என்பது ஓய்வுக்காலச் சேமிப்புக் கணக்கு; அதில் போடும் தொகையை வருமானத்தில் கழித்துவிட்டு வரி கணக்கிடுவார்கள். அதன் வரம்பு, முந்தைய ஆண்டு உழைத்த வருமானத்தில் 18 சதவீதம், அதற்கும் ஓர் உச்சவரம்பு உண்டு. ஆகவே பொதுவாக முதல் ஆண்டில் பணம் போட இடமே இருக்காது. சம்பாதித்தது கொஞ்சம்தான் என்று வரி விவரம் தாக்கல் செய்யாமல் விட்டுவிடாதீர்கள். அந்த இடம் அப்படித்தான் உருவாகிறது. அது காலாவதியாகாது என்பதால், சம்பளம் குறைவான ஆண்டுகளில் அவசரப்படாமல் நாற்பதுகளில் வருமானம் ஏறும்போது போட்டால் வரி அதிகம் குறையும். ஒரே விதிவிலக்கு, நிறுவனமும் தன் பங்கைச் சேர்க்கும் குரூப் ஆர்.ஆர்.எஸ்.பி. அதை எந்த வயதிலும் விடாதீர்கள்.

ஐம்பதைத் தாண்டி வந்து, வருமானமும் குறைவு என்றால் ஆர்.ஆர்.எஸ்.பியில் போடுமுன் யோசிக்க வேண்டும். ஓ.ஏ.எஸ்ஸோடு குறைந்த வருமானக்காரர்களுக்கு ஜி.ஐ.எஸ் என்ற கூடுதல் தொகை உண்டு. ஆர்.ஆர்.எஸ்.பியிலிருந்து எடுப்பது வருமானமாகக் கணக்கிடப்பட்டு அதைக் குறைத்துவிடும். டி.எஃப்.எஸ்.ஏ பணம் அப்படிக் கணக்கில் வராது. பெற்றோருக்கு ஆர்.ஆர்.எஸ்.பி திறந்து தர யாராவது ஆர்வம் காட்டினால், ஜி.ஐ.எஸ் குறையுமா என்று முதலில் கேளுங்கள்.

அப்புறம், சீட்டு. கார் வாங்கவோ ஒரு விசேஷத்துக்கோ சரி. ஆனால் வங்கி வைப்புக்கு இருக்கும் 1,00,000 டாலர் காப்பீடு சீட்டுக்குக் கிடையாது. முதுமைக்கான பணத்தை அதில் வைக்க வேண்டாம்.

ஊரில் வாடகைக்கு விட்ட வீடு, வைப்புநிதி எல்லாம் சேர்ந்து வாங்கிய மதிப்பில் 1,00,000 கனடிய டாலரைத் தாண்டினால், குடியேறிய முதல் ஆண்டை விட்டு அடுத்த ஆண்டிலிருந்து வெளிநாட்டுச் சொத்தைத் தெரிவிக்கும் டி1135 படிவம் நிரப்ப வேண்டும். நீங்கள் இங்கே வசிக்கத் தொடங்கிய நாளில் அவற்றுக்கு இருந்த சந்தை விலையையே வாங்கிய மதிப்பாகக் கொள்வார்கள். அதற்கான சான்றை இப்போதே எடுத்து வையுங்கள்.