கருநீலச் சாம்பல் சுவர்: ஹாலில் நீங்களே பெயின்ட் அடிக்கும் முறை

அடர் நிறம் சுவரின் குறையை மறைக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். நடப்பது நேர்மாறு. பட்டியின் (சுவரைச் சமன் செய்யப் பூசும் புட்டி) மேடு பள்ளம், ரோலர் தடம், பூத்த உப்பு எல்லாமே கருநீலச் சாம்பலில் பளிச்சென்று தெரியும். ஆகவே பாதிக்கு மேற்பட்ட வேலை, டப்பாவைத் திறக்கும் முன்பே நடக்க வேண்டும்.

1. ஒரே ஒரு சுவர் போதும். ஜன்னலுக்கு எதிர்ச்சுவர் நல்லது. ஜன்னலை ஒட்டிய சுவரில் வெளிச்சம் பக்கவாட்டில் விழுந்து மேடு பள்ளத்தைக் காட்டிக்கொடுக்கும். குளியலறைக்குப் பின்சுவர் என்றால் ஓதம் பாருங்கள்: ஓரடிச் சதுர பாலிதீன் தாளை நான்கு ஓரமும் டேப் ஒட்டி 24 மணி நேரம் விடுங்கள். உள்ளே வேர்த்திருந்தால் கசிவை அடைத்த பிறகுதான் பெயின்ட்.

2. ஷேடு கார்டை மட்டும் நம்ப வேண்டாம். சின்ன டப்பா வாங்கி, பெரிய சார்ட் அட்டையில் இரண்டு கோட் அடித்து, பகலிலும் இரவு விளக்கிலும் சுவரில் வைத்துப் பாருங்கள்.

3. 10 அடி உயரம், 12 அடி நீளச் சுவருக்கு 2 லிட்டர் எமல்ஷன் (தண்ணீர் கலந்து அடிக்கும் சுவர் பெயின்ட்) வாங்குங்கள். அடர் நிறம் பெரும்பாலும் மூன்றாவது கோட் கேட்கும். டப்பாவுக்கு டப்பா நிறம் லேசாக மாறும். இரண்டு டப்பா என்றால் ஒரே வாளியில் கலந்துகொள்ளுங்கள்.

4. விரிசலைப் பட்டியால் அடைத்துக் காயவிட்டு, 180, பிறகு 320 உப்புத்தாளால் தேயுங்கள். இரவில் டார்ச்சைச் சுவரோடு ஒட்டிப் பக்கவாட்டில் அடித்தால் மிச்சமுள்ள மேடு நிழலாகத் தெரியும். தூசியை ஈரத்துணியால் துடைத்து, காய்ந்ததும் பிரைமர் (அடிப்பூச்சு) அடியுங்கள். அதில் கறுப்பு ஸ்டெய்னர் (நிறமூட்டி) சிறிது கலந்து சாம்பலாக்குங்கள். வெள்ளை பிரைமர் என்றால் முதல் கோட்டில் திட்டுத்திட்டாகத் தெரியும்.

5. இனிதான் கவனம் வேண்டும். மின்விசிறியை நிறுத்துங்கள். நம் ஊர் வெயிலில் பெயின்ட் வேகமாகக் காயும். காய்ந்த ஓரத்தின் மேல் மறுபடி ரோலர் ஏறினால் அந்த இடம் பட்டையாகக் கறுக்கும். ரோலர் எட்டாத ஓரத்தை 2 அங்குல பிரஷ்ஷால் மூன்றடிக்கு அடித்து, ஈரம் போகுமுன் அந்த மூன்றடியையும் ரோலரால் முடித்து, அடுத்ததற்குப் போங்கள். நடுச்சுவரில் நிறுத்தவே கூடாது. தண்ணீர், டப்பாவில் சொன்ன அளவுதான். கூடினால் நிறம் வெளிறும். கோட்டுக்குக் கோட் குறைந்தது 4 மணி நேரம் இடைவெளி. ஓரங்களில் மாஸ்கிங் டேப் ஒட்டியிருந்தால், கடைசிக் கோட் ஈரமாக இருக்கும்போதே அதை உரியுங்கள்.

மேட் (பளபளப்பில்லாத) பூச்சு மேடு பள்ளத்தை அடக்கிக் காட்டும், ஆனால் உரசல் தடம் விழும். சோபாவை நாலு விரல் தள்ளிப் போடுங்கள்.

கூரை வெள்ளையாகவே இருக்கட்டும். தேக்கு, பிரம்பு, பித்தளை, கோரா பருத்தித் திரை இந்த நிறத்தோடு அருமையாகச் சேரும். விளக்குதான் முக்கியம்: 6500 கெல்வின் வெள்ளை விளக்கில் சுவர் களையிழந்து கிடக்கும்; 3000 கெல்வின் மஞ்சள் ஒளியில் ஆழம் கிடைக்கும்.

மிச்ச பெயின்ட்டைக் காற்றுப் புகாமல் மூடி வையுங்கள். பின்னால் கீறல் விழுந்தால் அந்த இடத்தை மட்டும் தொட்டால் திட்டு தெரியும். மூலைக்கு மூலை ஒரு கோட் அடிக்க வேண்டியிருக்கும்.