கயாக்கிற்குள் தண்ணீர் ஏறிய வழி

மும்பையின் செம்பூர், மாட்டுங்கா நண்பர்கள் ஆறு பேரை மனோரி கழிமுகத்திற்குக் கொடுவா பிடிக்க அழைத்துச் செல்வது என் பொறுப்பு. மூன்று ஞாயிறுகளாக எங்கள் கயாக்குகளில், அதாவது துடுப்புப் போட்டுச் செல்லும் சிறு பிளாஸ்டிக் படகுகளில், ஒன்று மட்டும் ஒரு மணி நேரத்தில் கனத்துப் பின்பக்கம் தாழ்ந்தது. கரையில் சாய்த்தால் வயிற்றுக்குள் தண்ணீர் சளசளத்தது. வற்றத்தில் நீரோட்டம் கடலை நோக்கி இழுக்கும் இடத்தில் ஒருவர் பின்தங்குவது குழு முழுவதற்கும் ஆபத்து.

முதலில் பின்புறத் திருகுமூடியின் ரப்பர் வளையத்தை மாற்றினேன். பிறகு தூண்டில் தாங்கியின் திருகுகளைச் சுற்றிச் சிலிக்கான் பூசினேன். குடியிருப்பு நீச்சல் குளத்தில் மிதக்கவிட்டபோது ஒரு சொட்டும் ஏறவில்லை. ஆள் இல்லாத கயாக் உயரமாக மிதக்கும் என்பது எனக்கு அப்போது தோன்றவில்லை.

பயன்பட்டது சோப்புத் தண்ணீர்தான். திருகுமூடித் துளையில் பம்பின் குழாயைத் துணி சுற்றிச் செருகி, மெல்லக் காற்றடித்துக்கொண்டே எல்லா இடத்திலும் சோப்புத் தண்ணீரைத் தடவியதில், இருக்கைக்குப் பின்னால் மேலிருந்து அடிவரை செல்லும் வடிதுளையின் உட்சுவரில் மட்டும் குமிழ்கள் கிளம்பின. நகம் பட்டால்தான் தெரியும் மயிரிழை விரிசல் அது. கயாக்கைக் கரையில் இழுத்துச் செல்லும் தள்ளுவண்டியின் கம்பிகளை அத்துளைகளில் செருகி, மீன்பெட்டியையும் ஏற்றி மணலில் இழுத்ததே காரணம்.

கயாக்கின் பிளாஸ்டிக்கான பாலிஎதிலீனில் எபாக்சி பசை சரியாகப் பிடிக்காது. பூசியது இரண்டே நாளில் உரிந்தது. அதே வகைப் பிளாஸ்டிக் கம்பியை உருக்கி இணைத்த பிறகு, சென்ற ஞாயிறு நான்கு மணி நேரம் துடுப்புப் போட்டுத் திறந்து பார்த்தேன். உள்ளே உலர்ந்திருந்தது, மனம் நிம்மதியடைந்தது. அடிப்பகுதியை வார்ப்பட்டையில் தாங்கும் வண்டிகளையே இப்போது எல்லோரும் பயன்படுத்துகிறோம்.