அறநிறுவன இணையத்தளத்தை வேர்ட்பிரஸ் மென்பொருளில் புதுப்பிக்கும்போது

முதலில் பழைய தளத்தின் கோப்புகள், தரவுதளம் இரண்டையும் நகலெடுங்கள். பிறகு எல்லாப் பக்க முகவரிகளையும் எக்செலில் வரிசைப்படுத்தி, ஒவ்வொன்றுக்கும் 301 வழிமாற்று (பழைய முகவரிக்கு வருபவரைப் புதிய பக்கத்துக்கு நிரந்தரமாக அனுப்பும் கட்டளை) எழுதுங்கள். வடிவமைப்பெல்லாம் அப்புறம்.

தமிழ்ப் பக்கங்கள்தாம் சோதிக்கும். பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்த பழைய உரையை யூனிகோடுக்கு மாற்றாமல் ஒட்டினால் வெறும் ஆங்கிலக் கிறுக்கல்தான் வரும். தரவுதளம் யுடிஎஃப்8எம்பி4 (utf8mb4) என்ற எழுத்துக் குறியாக்கத்தில் இருக்கட்டும். லத்தீன்1 (latin1) போன்ற பழைய குறியாக்கத்தில் இருந்தால் வரிசையாகக் கேள்விக்குறிகள்.

முகவரியிலும் ஒரு பொறி உண்டு. வேர்ட்பிரஸ் பக்கப்பெயருக்கு (முகவரியின் கடைசிப் பகுதிக்கு) 200 எழுத்திடம்தான் தரும். தமிழ் எழுத்து முகவரியில் %E0%AE%9A போல மாறிப் பதிவாவதால், ஒரு குறியீட்டுக்கு 9 இடம். புள்ளி, கொம்பு, கால் எல்லாம் தனித்தனிக் கணக்கு. ‘சிங்கப்பூர்’ மட்டுமே 99 இடம் பிடிக்கும். நீளத் தலைப்பு பாதியில் வெட்டுப்படும். அதனால் பக்கப்பெயரை ஆங்கில எழுத்தில் சுருக்கமாகக் கொடுங்கள்.

நன்கொடைப் பக்கத்தில் பேநவ் (சிங்கப்பூரின் உடனடிப் பணப் பரிமாற்றச் சேவை) கியூஆர் படத்தைச் சுருக்கி மங்கலாக்க வேண்டாம்; ஒரு வெள்ளி அனுப்பிப் பாருங்கள். வரிக் கழிவுக்காக அடையாள அட்டை எண் கேட்டால், படிவச் செருகுநிரல் (தளத்தில் படிவம் சேர்க்கும் துணை மென்பொருள்) அதை மின்னஞ்சலில் அனுப்பாதபடி அமையுங்கள். நன்கொடைப் பதிவேட்டில் ஏற்றியதும் தளத்திலிருந்து அழித்துவிடுங்கள். தொண்டூழியர் விலகினால் அன்றே அவர் கணக்கை மூடுங்கள். நிர்வாகி உரிமை இருவருக்குப் போதும்.