வெங்காயச் சருகில் சிவக்கும் ஈஸ்டர் முட்டை: கொடைக்கானல் பக்குவம்

ஈஸ்டருக்கு முந்தைய நோன்புக் காலமான தவக்காலம் பிறந்ததுமே எங்கள் மறைக்கல்வி வகுப்புப் பிள்ளைகளிடம் வெங்காயச் சருகு சேர்க்கச் சொல்லிவிடுவேன். ஞாயிற்றுச் சந்தையில் பெரிய வெங்காயம் விற்பவரிடம் கேட்டால், சாக்கின் அடியில் கிடப்பதை அள்ளித் தருவார். ஜிகினாத்தாள் சுற்றிய சாக்லேட் முட்டை கடையில் கிடைக்கும்தான். ஆனாலும் பிள்ளைகளே சாயம் ஏற்றிய முட்டைதான் எனக்கு ஈஸ்டர் முட்டை.

ஈஸ்டருக்கு முந்தின நாளான பெரிய சனிக்கிழமை பகலில் தொடங்குங்கள். ஒரு லிட்டர் தண்ணீரில் இரண்டு கை நிறையச் சருகைப் போட்டு, அரை மணி நேரம் கொதிக்கவிட்டு, வடிகட்டி ஆறவிடுங்கள். இரண்டு மேசைக்கரண்டி வினிகர் கட்டாயம். அந்தப் புளிப்பு முட்டையின் ஓட்டை லேசாக அரித்தால்தான் சாயம் பிடிக்கும். வெள்ளை முட்டையே நல்லது. கேரட் தழையில் ஒரு கீற்றை நனைத்து ஓட்டில் ஒட்டி, மெல்லிய பழந்துணியால் இறுக்கிக் கட்டுங்கள். சாயம் ஏறிய பிறகு அவிழ்த்தால், செங்கல் சிவப்புக்கு நடுவே தழை இருந்த இடம் மட்டும் வெளுப்பாக, நரம்பு நரம்பாகத் தெரியும்.

முட்டையை ஆறிய சாயத்தில் போட்டு மெல்லச் சூடேற்றுங்கள். ஏறக்குறைய 2,100 மீட்டர் உயரத்தில் இருக்கும் நமக்குத் தண்ணீர் 93 டிகிரி வாக்கிலேயே கொதித்துவிடும். கீழே வத்தலக்குண்டில் 10 நிமிடம் என்றால் இங்கே 15 நிமிடம் விடுங்கள். ஆறும்வரை சாயத்திலேயே கிடக்கட்டும். அப்புறம் துடைத்து, ஒரு சொட்டு தேங்காய் எண்ணெய் தடவுங்கள்.

கொதிக்கும் நேரம்தான் கதை சொல்லும் நேரம். இடைக்கால ஐரோப்பாவில் தவக்காலம் முழுக்க இறைச்சியோடு பாலும் முட்டையும் விலக்கு. கோழிகளோ இட்டுக்கொண்டே இருந்தன. சேர்ந்ததெல்லாம் ஈஸ்டர் விருந்துக்கு வந்தது. சிவப்பு, கிழக்குத் திருச்சபைகளின் வழக்கம். அது இயேசு சிந்திய இரத்தம். ஓடு அவருடைய கல்லறை, உடைவது உயிர்ப்பு. இயேசுவின் சீடரான மகதலா மரியா, உரோமைப் பேரரசர் திபேரியு முன் நீட்டிய முட்டை சிவந்தது என்றும் ஒரு மரபுக்கதை உண்டு. அது நற்செய்தியில் இல்லை என்பதையும் சேர்த்தே சொல்லுங்கள். பிள்ளைகளுக்கு அந்த வேறுபாடு தெரிய வேண்டும்.

1614-இல் வெளிவந்த உரோமைச் சடங்கு நூலிலேயே முட்டையை மந்திரிக்க, அதாவது ஆசீர்வதிக்க, தனிச் செபம் இருக்கிறது. அதனால் சனிக்கிழமை இரவு, ஈஸ்டர் வழிபாடான பாஸ்கா திருவிழிப்புக்குக் கூடையோடு போய், பங்குத்தந்தையிடம் மந்திரித்துத் தரக் கேளுங்கள்.

ஞாயிறு காலை, கிரேக்கர் செய்வதுபோல் இருவர் முட்டையோடு முட்டை மோதுங்கள். ஒருவர் "கிறிஸ்து உயிர்த்தார்" என்றால், மற்றவர் "உண்மையாகவே உயிர்த்தார்" என்று சொல்ல வேண்டும். உடைந்ததை உப்பும் தாண்டிக்குடி மிளகும் தூவி அன்றே சாப்பிட்டுவிடுங்கள்.