சீடர் மரக் கீற்றுகளால் கயாக் படகு கட்டுவது எப்படி

மரக் கீற்றுகளை ஒட்டிக் கயாக் கட்டப் போகிறேன் என்றால் எல்லோரும் முதலில் மரத்தைப் பற்றித்தான் கேட்கிறார்கள். மரம் பெரிய பிரச்சினை இல்லை. பிரிட்டிஷ் கொலம்பியாவிலிருந்து வரும் வெஸ்டர்ன் ரெட் சீடர் இங்கே ஒன்டாரியோவில் நல்ல மரக்கடைகளில் கிடைக்கும். கணு இல்லாமல், ரேகை நேராக ஓடும் பலகையாகப் பார்த்து எடுங்கள். கயாக்கின் அழகையும் ஓட்டத்தையும் தீர்மானிப்பது அச்சு, அதாவது கீற்றுகளை வளைத்து ஒட்டுவதற்காக நிறுத்தும் வடிவப் பலகைகள். உங்கள் பொறுமையை அங்கே செலவழியுங்கள்.

பீட்டர்பரோவில் இருக்கும் கனேடிய கனூ அருங்காட்சியகத்துக்கு ஒரு நடை போய்வாருங்கள். 19-ஆம் நூற்றாண்டிலேயே அந்த ஊரில் மெல்லிய சீடர் கீற்றுகளால் கனூ கட்டியிருக்கிறார்கள். அவற்றின் உள்ளே வளைந்த விலாச் சட்டங்கள் உண்டு. நாம் கட்டப்போவதில் அவை கிடையாது. மரத்தின் இருபுறமும் எபாக்ஸியில் (ஹார்டனர் கலந்ததும் இறுகும் பிசினில்) ஒட்டும் கண்ணாடியிழைத் துணிதான் பலம்.

என் கராஜ் 20 அடி நீளம். 17 அடி கயாக் கட்டினால் இரண்டு முனையிலும் ஆள் சுற்றி வர இடம் இருக்கிறது.

வரைபடத்தில் அடிக்கு ஒன்றாகக் குறுக்குவெட்டுகள் கொடுத்திருப்பார்கள். அவற்றை 12 மி.மீ. பிளைவுட்டில் வெட்டி, பெட்டிபோல் செய்த நேரான உத்திரத்தின் மேல் நிறுத்துங்கள்; இவைதான் அச்சுகள். ஒவ்வொன்றிலும் நடுக்கோடு போட்டுக்கொள்ளுங்கள். முனைக்கு முனை நூல் கட்டி, ஒற்றைக் கண்ணால் பார்த்து, எல்லாக் கோடுகளும் நூலோடு சேரும்வரை தட்டி நகர்த்துங்கள். அப்புறம் ஒரு கீற்றை அச்சுகளின் விளிம்பில் வளைத்துப் பிடியுங்கள். எங்கும் இடைவெளி விடாமல், எங்கும் முட்டாமல் அது படிய வேண்டும். இடைவெளி தெரிந்தால் அந்த அச்சு உள்வாங்கியிருக்கிறது. இப்போதே சரிசெய்யுங்கள்; வார்னிஷ் பூசிய பிறகு வெளிச்சம் அந்த இடத்தை நன்றாகவே காட்டிக்கொடுக்கும். கடைசியாக, பசை ஒட்டாதிருக்க விளிம்புகளில் டேப் ஒட்டுங்கள்.

கீற்று 6 மி.மீ. தடிமன், 19 மி.மீ. அகலம். ஒரு விளிம்பை உருண்டையாகவும் மறு விளிம்பைக் குழிவாகவும் ரௌட்டரில் (விளிம்பைச் செதுக்கும் மின்கருவியில்) சீவினால் வளைவுகளில் ஒன்றுக்குள் ஒன்று உட்காரும். அறுக்கும்போது மாஸ்க் கட்டாயம். சீடர் தூள் ஆஸ்துமாவை உண்டாக்கும்.

அடிப்பகுதியும் மேல்தளமும் சேரும் கோட்டில் முதல் கீற்றை வையுங்கள். குழிவு மேலே இருக்கட்டும், பசை அதில் நிற்கும். சாதாரண மரப்பசை போதும். அச்சுக்கு அச்சு ஒரு ஸ்டேப்பிள். அந்தப் பொட்டுத் துளைகளுக்காக முகம் சுளிப்பவர்கள் உண்டு. எனக்கு அவை படகு கட்டப்பட்ட விதத்தின் தடம், பிடிக்கும். இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று என்று மாற்றி மாற்றி ஒட்டுங்கள், இல்லையென்றால் அச்சு ஒரு பக்கமாக இழுபடும்.

மூடி முடித்ததும் ஸ்டேப்பிள்களைப் பிடுங்கி, சின்ன இழைப்புளியால் முகடுகளைச் சீவி, 80, 120 எண் உப்புத்தாளால் தேயுங்கள். விளக்கைத் தாழ வைத்துப் பக்கவாட்டில் வெளிச்சம் விழச் செய்தால் மேடு பள்ளம் எல்லாம் தெரியும். இருப்பதே 6 மி.மீ. தான், நினைவிருக்கட்டும்.

எபாக்ஸிக்கு 20 டிகிரி வெப்பம் நல்லது. கராஜை முதலில் சூடாக்கி, ஹீட்டரை அணைத்துவிட்டு, சூடு இறங்கும் நேரத்தில் பூசுங்கள். சூடு ஏறும்போது பூசினால் மரத்துக்குள் இருக்கும் காற்று விரிந்து குமிழியாக வெளியே வரும். கலவை விகிதம் டப்பாவில் போட்டிருப்பதுதான். சீக்கிரம் இறுகட்டும் என்று ஹார்டனரைக் கூட்டினால் சரியாக இறுகவே இறுகாது. கண்ணாடியிழைத் துணியை மரத்தின் மேல் விரித்து, எபாக்ஸியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து, நடுவில் ஊற்றி, ரப்பர் தகட்டால் விளிம்பை நோக்கித் தள்ளுங்கள். வெள்ளைத் துணி கண்ணெதிரே மறைந்து, அதுவரை மங்கிக் கிடந்த சீடர் செம்பழுப்பாக மேலெழும். இந்த வேலை முழுவதிலும் எனக்கு மிகப் பிடித்த நேரம் இது. ஆனாலும் கையை நிறுத்தாதீர்கள். பளபளவென்று தேங்கும் இடத்தில் துணி மிதக்கிறது என்று அர்த்தம், வழித்து எடுங்கள். அதன் மேல் பூசும் எபாக்ஸிப் பூச்சுகள் இறுகிய பின் மெழுகுபோல ஏதாவது படிந்திருந்தால், தேய்ப்பதற்கு முன் தண்ணீரால் கழுவுங்கள்.

உள்பக்கமும் மேல்தளமும் இதே முறைதான். இரண்டையும் சேர்க்கும்போது உள்ளேயும் வெளியேயும் கண்ணாடியிழை டேப் ஒட்டுங்கள். முனைகளுக்குக் கை எட்டாது, நீளக் கம்பில் பிரஷ் கட்டிக்கொள்ளுங்கள்.

வெயில் எபாக்ஸியைக் கெடுக்கும். அதனால் புற ஊதாக் கதிரைத் தடுக்கும் வார்னிஷை மூன்று நான்கு பூச்சு கொடுங்கள். பூச்சு மங்கத் தொடங்கினால் லேசாகத் தேய்த்து இன்னொரு பூச்சு.