வாழ்நாள் பணக் கணிப்பு: இரண்டு திட்டங்களை ஒப்பிடுவது எப்படி?

57 வயதில் வேலையை விடலாமா, 60 வரை ஓட்டலாமா? நிதித் திட்டமிடும் மென்பொருளைத் திறக்கும் பலருக்கும் இந்த மாதிரி ஒரு கேள்விதான் இருக்கும். அது ஒவ்வொரு திட்டத்துக்கும், வயது ஏற ஏறக் கையில் எவ்வளவு பணம் இருக்கும் என்று ஒரு கோடாக, இரண்டு கோடுகளை வரைந்து காட்டும். உயரமாகப் போகிற கோடுதான் நல்ல திட்டம் என்று முடிவு கட்டிவிடுவோம். அங்கேதான் ஏமாறுகிறோம்.

1. ஒரே ஒரு மூலத் திட்டம்

ஓய்வுக்குப் பிறகு ஆகும் ஒரு வருடச் செலவை 100 என்று வைத்துக்கொள்ளுங்கள்; நாணயம் எதுவானாலும் சரி. இப்போது வயது 40, கையில் 500, வருடத்துக்கு 60 சேமிப்பு, 60 வயதில் ஓய்வு, கணக்கு 95 வயது வரை. வரி, வீடு, வாகனமெல்லாம் அப்புறம்.

2. பூஜ்யச் சோதனை

பலர் தாண்டிப் போகும் படி இது. வருமான விகிதம் (முதலீடு வருடத்துக்கு எத்தனை சதவீதம் வளரும் என்பது), பணவீக்கம் இரண்டையும் 0 ஆக்குங்கள். 500-உடன் 20 வருடச் சேமிப்பு 1,200 சேர்ந்தால் 1,700. வருடம் 100 எடுத்தால் 17 வருடம் வரும், அதாவது 77 வயதில் பணம் தீர வேண்டும். மென்பொருள் வேறு வயதைச் சொன்னால் எங்கோ ஒரு கட்டத்தில் தப்பாக நிரப்பியிருக்கிறீர்கள். இது சரியாகாமல் அடுத்த படிக்குப் போகாதீர்கள்.

3. எந்தக் காலத்துப் பணம்?

பணவீக்கம் 5% என்றால், இன்று 100-க்கு வாங்கும் பொருளுக்கு 30 வருடம் கழித்து சுமார் 432 தர வேண்டும். அதனால் முடிவுகளை 'இன்றைய மதிப்பில்' காட்டும்படி மாற்றிக்கொள்ளுங்கள். வருமான விகிதம் கேட்கும் கட்டத்தையும் கவனியுங்கள்: பணவீக்கம் கழித்ததா, கழிக்காததா? 8% வருமானத்தில் 5% பணவீக்கம் போனால் மிஞ்சுவது சுமார் 2.9%தான். கழித்த விகிதம் கேட்ட இடத்தில் நான் ஒருமுறை 8 என்று அடித்துவிட்டு, ஒரு வாரம் மிதப்பில் திரிந்தேன்.

4. நகலெடுத்து, ஒன்றை மட்டும் மாற்றுங்கள்

பணவீக்கம் போக 3% வருமானம் என்று வைத்தால், மூலத் திட்டத்தில் 95 வயதிலும் சுமார் 1,030 மிச்சம் இருக்கிறது. பத்து வருடச் செலவுக்கு ஆகும். அதை நகலெடுத்து ஓய்வு வயதை மட்டும் 57 ஆக்கினால், 91 வயதில் பணம் தீர்கிறது. இன்னொரு நகலில் ஓய்வு 60-லேயே இருக்கட்டும், வருமானத்தை மட்டும் 2% ஆக்குங்கள். இப்போது 89 வயதிலேயே தீர்ந்துவிடுகிறது!

மூன்று வருடம் முன்னதாக வேலையை விடுவதைவிட, நாம் குத்துமதிப்பாகப் போட்ட ஒரு சதவீதம் அதிகமாக அடிக்கிறது. இரண்டையும் ஒரே நகலில் மாற்றியிருந்தால் எது அடித்தது என்றே தெரிந்திருக்காது.

5. எந்த எண்ணைப் படிப்பது?

கடைசி வயதில் மிஞ்சும் தொகையை நான் பெரிதாகப் பார்ப்பதில்லை. பணம் தீரும் வயது எது, இருப்பு மிகக் கீழே இறங்கும் வருடம் எது, இந்த இரண்டும் போதும். ஓய்வுக்கு முன்பே இருப்பு தரைதட்டினால் கடைசியில் கோடு எவ்வளவு உயர்ந்து என்ன பயன்?

6. ஏற்ற இறக்கத்தையும் ஓட்டிப் பாருங்கள்

வருடாவருடம் சரியாக 3% தரும் சந்தை எங்கும் கிடையாது. சராசரி அதேயானாலும், ஓய்வு பெற்ற முதல் சில வருடங்களில் சரிவு வந்தால் திட்டம் சீக்கிரம் கவிழும். விலை இறங்கிய நேரத்தில் விற்றுச் சாப்பிடுகிறோம் அல்லவா. இதைச் சோதிக்க 'மான்டே கார்லோ' வசதி இருக்கும்: ஒவ்வொரு வருடத்துக்கும் ஏதோ ஒரு வருமானத்தைக் குலுக்கிப் போட்டு, அதே திட்டத்தைப் பல தடவை ஓட்டிப் பார்க்கும். 1,000 தடவை ஓட்டி 85% வெற்றி என்று வந்தால், 150 தடவை பணம் பாதியில் தீர்ந்தது என்று அர்த்தம். ஒரு வருடம் முன்னாலா, பத்து வருடம் முன்னாலா என்பதை அந்தச் சதவீதம் சொல்லாது. தோற்ற ஓட்டங்களைத் திறந்து பாருங்கள்.

இரண்டு மென்பொருள்கள் வேறு வேறு விடை தந்தால் பதறாதீர்கள். இரண்டிலும் பூஜ்யச் சோதனை செய்யுங்கள். அது ஒத்துப்போனால், செலவை வருடத் தொடக்கத்தில் எடுக்கிறதா, முடிவில் எடுக்கிறதா என்று பாருங்கள். அப்புறம் வரி. நகல்களுக்குப் பெயர் வைக்கும்போது 'புதுத் திட்டம் 2' வேண்டாம். 'ஓய்வு 57, வருமானம் 3' என்று வையுங்கள்.