வேதியியல் முன்னோடிகளைப் பற்றி எழுதும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பல பேர் பல ஆண்டுகள் பாடுபட்டதை ஒரே ஆளின் ஒரே நாள் சாதனையாகச் சுருக்குவதுதான் இவ்வகைக் கட்டுரைகளில் அடிக்கடி நேரும் பிழை. மற்ற தவறுகள் பலவும் இதிலிருந்தே கிளைக்கின்றன.

"மேரி கியூரி 1898-இல் ரேடியத்தைப் பிரித்தெடுத்தார்" என்று எழுதாதீர்கள். அந்த டிசம்பரில் மேரி, அவர் கணவர் பியர், உடன் உழைத்த குஸ்தாவ் பெமோ மூவரும் அறிவித்தது, பிட்ச்பிளெண்ட் தாதுவில் பேரியத்தோடு ஒட்டிக்கொண்டு ஒரு புதிய தனிமம் இருக்கிறது என்பதை மட்டுமே. கையில் இருந்த சான்று, கதிரியக்க அளவீடும் நிறமாலையில் தெரிந்த ஒரு புதிய கோடும். பிரிப்பது அதன் பிறகுதான் தொடங்கியது. ரேடியம் குளோரைடு பேரியம் குளோரைடைவிடக் குறைவாகக் கரையும். அதனால் படிகத்தில் ரேடியத்தின் பங்கு சற்றுக் கூடும். அந்தப் படிகத்தை மறுபடி கரைத்து, மறுபடி படிகமாக்க வேண்டும். டன் கணக்கில் தாதுக் கழிவைக் கையாண்டு 1902-இல் கிடைத்தது சுமார் 0.1 கிராம் ரேடியம் குளோரைடு. உலோக ரேடியம் 1910-இல்தான் வந்தது, அதுவும் ஆந்த்ரே தெபியேர்னுடன் சேர்ந்து. இந்த வரிசை கலைந்தால் நோபல் பரிசுகளும் குழம்பிவிடும்: 1903-இல் இயற்பியலுக்கு, பியருடனும் பெக்கரலுடனும், 1911-இல் வேதியியலுக்கு, மேரிக்கு மட்டும்.

ஆக்சிஜனை ஒருவர் பெயரில் எழுதிவைப்பதும் அநியாயம். ஷீலே அதை முன்பே தயாரித்துவிட்டார். அவர் நூல் வெளிவந்தது 1777-இல். பிரீஸ்ட்லி 1774 ஆகஸ்டில் லென்ஸால் சூரிய ஒளியைக் குவித்து, மெர்குரியின் சிவப்பு ஆக்சைடைச் சூடாக்கி அந்த வாயுவைப் பெற்றார். முந்திக்கொண்டு வெளியிட்டவரும் அவரே. ஆனால் எரியும் பொருளிலிருந்து ஃபுளோஜிஸ்டன் என்ற ஒன்று வெளியேறுகிறது என்ற பழைய கொள்கையை அவர் கடைசிவரை விடவில்லை. எரிதலில் அந்த வாயுவின் பங்கை விளக்கியவர் லவாய்சியர். மூவரையும் சொல்லி, யார் செய்தது எது என்று பிரித்து எழுதுங்கள்.

ஒரு மோல் பொருளில் உள்ள துகள்களின் எண்ணிக்கையான 6.022×10²³ என்ற எண்ணை அவகாட்ரோ கணக்கிடவே இல்லை. அவர் 1811-இல் தந்தது, ஒரே வெப்பநிலையிலும் அழுத்தத்திலும் சம கனஅளவுள்ள வாயுக்களில் சம எண்ணிக்கையில் மூலக்கூறுகள் இருக்கும் என்ற கருதுகோள் மட்டுமே, 1856-இல் காலமானார். அவர் பெயரை அந்த எண்ணுக்குச் சூட்டியவர் ஜான் பெரான், 1909-இல்.

மெண்டெலீவ் 1869-இல் தனிமங்களை அணு எண்படி அடுக்கினார் என்பதும் பிழை. அவர் பார்த்தது அணு எடையை. அணு எண்ணின் முக்கியத்துவம் 1913-இல் மோஸ்லியின் எக்ஸ்-கதிர் ஆய்வால்தான் தெளிந்தது. தன் அட்டவணையில் டெலூரியத்தின் எடைக்கு அருகே "128?" எனக் கேள்விக்குறி போட்டார் மெண்டெலீவ், அதற்கு அடுத்து வைத்த அயோடின் 127 என்பதால், டெலூரியத்தின் அளவீடுதான் தவறு என்று நினைத்தார். அளவீட்டில் பெரிய கோளாறு இல்லை: இன்றைய மதிப்புகள் டெலூரியத்துக்கு 127.6, அயோடினுக்கு 126.9. ஆனாலும் பண்புகளை நம்பி டெலூரியத்தை முன்னே வைத்தது சரியாகவே அமைந்தது. புகழ்ச்சிக்காக இந்தப் பகுதியை வெட்டிவிடாதீர்கள்.